அகராதியில் இல்லாத கோடை

ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்த அந்த மாணவிக்கு முதல் வாரமே ஒரு நூற்பட்டியல் கிடைத்தது. மொத்தம் பதினொரு நூல்கள். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்று, அவருடைய சானட் கவிதைகள் சில, ஜோசப் கொன்ராடின் நாவல், மார்க் ட்வைனின் நாவல், எமிலி டிக்கின்சன், ராபர்ட் ஃபிராஸ்ட் ஆகிய அமெரிக்கக் கவிஞர்களின் பாடல்கள் என்று அது நீண்டது. அவற்றுள் பாதிப் பெயர்களை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர் அவளுடையது. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு மலாய்மொழியில் இயங்கும் தேசிய இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே. நாட்டின் கல்வி முறையில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழி என்பார்கள். அவளைப் பொறுத்தவரை அது வீட்டுத் தமிழுக்கும் பள்ளி மலாய்க்கும் பின்னால் வந்த மூன்றாம் மொழி.

இருந்தும் அவளுக்கு ஆங்கிலக் கதைகள் பிடிக்கும். பள்ளி நூலகத்தில் டிக்கன்ஸ் நாவல்களின் சுருக்கப் பதிப்புகள் இருந்தன. அவற்றை ஒன்றுவிடாமல் படித்திருந்தாள். அந்த நூல்களின் கடைசிப் பக்கங்களில் அருஞ்சொற்பொருள் பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகத்தில் வாங்கிய முழு நூல்களில் அப்படி எதுவும் இல்லை.

முதல் மாதம் அகராதியோடு கழிந்தது. தெரியாத சொல் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பொருள் எழுதினாள். ஒரு பக்கத்தில் இருபத்து மூன்று சொற்களுக்குப் பொருள் எழுதிய நாளும் உண்டு. பக்கத்தின் இறுதிக்கு வரும்போது எல்லாச் சொற்களும் தெரிந்திருக்கும். பக்கத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் மொழியில் இலக்கியம் படிக்கும் எவரும் இந்த நிலையைக் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று போகும்போது வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துவிடுகிறது. கதை அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. விரிவுரையாளர் நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார். வீட்டிலும் ஆங்கிலம் பேசி வளர்ந்த மாணவர்கள் உடனே சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால், அரை நொடி தாமதமாக. அந்த அரை நொடியை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு மட்டும் அது பெரிய இடைவெளியாகத் தெரிந்தது.

முதல் கட்டுரை ஏழாம் வாரத்தில் திரும்பி வந்தது. மிகக் குறைந்த புள்ளி. ஆனால், கட்டுரையில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. காரணம், அதில் அவளுடைய வாக்கியங்கள் மிகச் சில. நூலகத்தில் கிடைத்த திறனாய்வு நூல்களிலிருந்து மேற்கோள்களை எடுத்து, இடையிடையே ‘ஆகவே’, ‘மேலும்’ என்பன போன்ற ஆங்கில இணைப்புச் சொற்களைப் போட்டுக் கோத்திருந்தாள். திருட்டு என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் முறையாகப் பெயர் குறிப்பிட்டிருந்தாள். தன் ஆங்கிலத்தைவிட அவர்களுடைய ஆங்கிலம் பாதுகாப்பானது என்று நினைத்தாள், அவ்வளவுதான். கட்டுரையின் ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: ‘இதில் மூன்று பேராசிரியர்கள் பேசுவது கேட்கிறது. நீங்கள் பேசுவது எங்கே?’

துறை மாறுவதற்கான படிவத்தை அவள் அன்று மாலையே அலுவலகத்திலிருந்து வாங்கி வந்தாள். ஒப்படைக்க இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். அப்பா அதிகம் பேசுபவர் அல்லர். “கஷ்டமா இருந்தா மாத்திக்கோம்மா. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம்,” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட முடிவெடுப்பது எளிதாக இருந்திருக்கும். படிவத்தில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிவிட்டு, காரணம் கேட்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, இழுப்பறையில் வைத்தாள்.

அந்த வாரக் கலந்துரையாடல் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானட்டை எடுத்துக்கொண்டார்கள். சானட் என்பது பதினான்கு அடிக் கவிதை. ஷேக்ஸ்பியரின் சானட்டுகள் 1609-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது இது. தன் அன்புக்குரியவரைக் கோடைக்காலத்தின் ஒரு நாளோடு ஒப்பிடலாமா என்று கவிஞர் தொடக்கத்திலேயே கேட்கிறார். வகுப்பில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். உவமை அழகானது என்று இருவர் சொன்னார்கள். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

அவளுக்கு அது அழகாகப் படவில்லை. விளங்கவே இல்லை என்பதுதான் உண்மை. கோடை என்றால் வெயில். மதியம் இரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது தலையில் இறங்குகிற வெயிலை யாராவது காதலிக்கு ஒப்பிடுவார்களா? தமிழில் முகத்துக்கு நிலவு உண்டு. சொல்லுக்குத் தேன் உண்டு. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் படித்த ஐந்திணையும் நினைவுக்கு வந்தது. வேனிற்காலமும் நண்பகலும் பாலைத் திணைக்கு உரியவை. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. அப்படியானால், கவிஞர் இங்கே பிரிவைப் பற்றியா பேசுகிறார்?

தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். வகுப்பு அமைதியானது. தவறாக எதையோ கேட்டுவிட்டோம் என்று அவள் தலைகுனிந்தபோது, விரிவுரையாளர் மற்றவர்களைப் பார்த்து, “சொல்லுங்கள், இந்தக் கோடை எங்கே இருக்கிற கோடை?” என்று கேட்டார். உவமை அழகு என்று சொன்ன இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களும் இந்த நாட்டில் வளர்ந்தவர்கள்தாமே!

இங்கிலாந்தின் கோடை வேறு. நீண்ட, இருண்ட குளிர்காலத்துக்குப் பிறகு வருவது. மிதமான வெப்பம்; இரவு ஒன்பது மணிக்கும் மறையாத வெளிச்சம்; சில வாரங்களில் முடிந்துவிடும் என்பதால் மக்கள் ஏங்கி எதிர்பார்க்கும் காலம். இதைச் சொல்லிவிட்டு விரிவுரையாளர் கவிதையின் அடுத்த அடிகளுக்குப் போகச் சொன்னார். அங்கே ஷேக்ஸ்பியரே கோடையின் குறைகளைச் சொல்கிறார்: சில நேரம் வெயில் கூடிவிடுகிறது, காற்று மொட்டுகளை உலுக்குகிறது, எல்லாம் விரைவில் முடிந்துவிடுகிறது. அன்புக்குரியவர் கோடையைவிட மேலானவர் என்பதுதான் கவிதையின் பேச்சு. கோடையைச் சந்தேகிக்காமல் ‘அழகு’ என்று தாண்டிப் போனவர்களுக்கு இந்த அடிகள் கண்ணில் படவில்லை. சந்தேகப்பட்டவளுக்குக் கவிதை முதலில் திறந்தது.

இதனால் அவளுடைய ஆங்கிலம் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. ஆனால், ஒன்று தெளிவானது. அவளிடம் இல்லாதது சொல் மட்டுமன்று. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வானிலை. கோடை, பனி, இலையுதிர்காலம், கணப்பு அடுப்பு என்று ஆங்கிலக் கவிதையில் வரும் பலவற்றுக்கும் அகராதி பொருள் தரும், அனுபவம் தராது. அந்த வகையில் வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆங்கிலம் சரளமாக வந்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்தது, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து வந்தது மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. 1884-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும், 1885-ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்த நாவல். ஹக் என்னும் சிறுவனும், அடிமை வாழ்விலிருந்து தப்பிய ஜிம் என்னும் கறுப்பினத்தவரும் மிசிசிப்பி ஆற்றில் கட்டுமரத்தில் பயணம் செய்கிறார்கள். கதையைச் சொல்பவன் ஹக். பள்ளியை வெறுக்கும் சிறுவன் எப்படிப் பேசுவானோ அப்படியே சொல்கிறான். எதிர்மறைச் சொற்கள் இரட்டையாக வருகின்றன. எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எந்தெந்தப் பிழைகளுக்காகப் புள்ளி குறைத்தார்களோ, அவை எல்லாம் இங்கே அச்சில் இருந்தன!

வகுப்பில் பலர் தடுமாறினார்கள். இலக்கண நூலில் ஆங்கிலம் கற்றவர்களுக்கு இது வேறு மொழிபோல் இருந்தது. அவளுக்கும் கண்ணால் படித்தபோது அப்படித்தான் இருந்தது. விடுதி அறையில் ஒருநாள் வாய்விட்டுப் படித்தாள். காதில் விழுந்ததும் பாதி விளங்கியது. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது தமிழ் மாணவிக்குப் புதிய செய்தியா? ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டு ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று பேசுகிற மொழி அவளுடையது. பாட்டியின் தோட்டத்துப் பேச்சு இன்னும் வேறு. கரிசல் வட்டாரப் பேச்சை எழுத்தில் கொண்டுவந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலை அவள் ஆறாம் படிவத்தில் படித்திருந்தாள். பேச்சுமொழியை எழுத்தில் கொண்டுவருவது எழுதத் தெரியாதவர் செய்யும் வேலையன்று, நன்றாகக் காது கொடுத்துக் கேட்டவர் செய்யும் வேலை என்பது அவளுக்கு முன்பே தெரியும். ட்வைனும் தம் நாவலின் முன்குறிப்பில், பல வட்டார வழக்குகளைக் கவனமாகப் பிரித்துப் பயன்படுத்தியிருப்பதாகச் சொல்கிறார். மற்றவர்கள் குழம்பிய இடத்தில் அவளுக்கு வழி தெரிந்தது, அவளுடைய ஆங்கிலத்தால் அன்று, தமிழால்.

அந்த நாவலில் அகராதியும் தமிழும் சேர்ந்தும் உதவாத ஓர் இடம் இருந்தது. கறுப்பின மக்களைக் குறிக்கும் ஓர் இழிசொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘புண்படுத்தும் சொல்’ என்று அகராதி ஒரு வரியில் முடித்துக்கொண்டது. அந்தச் சொல் ஏன் இன்றும் அமெரிக்க வகுப்பறைகளில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அவள் இலக்கிய நூல்களை மூடிவிட்டு வரலாற்று நூல்களைத் திறக்க வேண்டியிருந்தது. மனிதரை விலைக்கு விற்றதும், 1865-இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்ததும், அதன் பிறகும் இனப் பாகுபாடு நீடித்ததும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. வேற்றுமொழியில் ஒரு சொல்லைக் கற்பது எளிது. அது யாரை எப்படிக் காயப்படுத்துகிறது என்பதைக் கற்க நாள் ஆகிறது.

இழுப்பறையில் இருந்த படிவத்தின் கடைசி நாள் கடந்துபோனதை அவள் மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தாள்.

எமிலி டிக்கின்சனிடம் வந்தபோது அகராதிக்கு வேலையே இல்லை. டிக்கின்சன் 1830-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்து, அங்கேயே 1886-இல் மறைந்தவர். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். அவர் வாழ்ந்தபோது அச்சானவை பத்துக்கும் சற்றுக் கூடவோ குறையவோதான். வீடு, பறவை, கதவு, ஒளி என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களே அவற்றில் பெரும்பாலும் வருகின்றன. இடையிடையே இணைப்புக்கோடுகள். முற்றுப்புள்ளி வரவேண்டிய இடத்திலும் கோடு. காற்புள்ளி வரவேண்டிய இடத்திலும் கோடு. அவர் மறைந்த பிறகு நூலை வெளியிட்ட முதல் பதிப்பாசிரியர்கள் அந்தக் கோடுகளைப் பிழை என்று கருதித் திருத்தினார்கள். 1955-இல் வந்த பதிப்பில்தான் அவை மீண்டும் தம் இடத்துக்கு வந்தன. இதைக் கேட்டபோது அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவரின் எழுத்தையும் ஆங்கிலேயர் முறைப்படி திருத்த ஆள் இருந்திருக்கிறார்கள்!

ஆனால், கவிதைகள் பிடிபடவில்லை. எல்லாச் சொல்லும் தெரிந்தும் எதுவும் விளங்காத அனுபவம் அவளுக்கு அதுவே முதல்முறை. டிக்கின்சனைப் பற்றிய நூல் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் கவிதைப் பகுதியில் தேடினாள். தேடியது கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்புக் கவிதைகள் இருந்த அடுத்த தட்டில் மெல்லிய நூல் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’. அகத்தின் நிலக்காட்சி என்று பொருள் கொள்ளலாம். மொழிபெயர்த்தவர் ஏ. கே. இராமானுஜன். வெளிவந்த ஆண்டு 1967. உள்ளே இருந்தவை குறுந்தொகைப் பாடல்கள்.

இராமானுஜனின் கதை அவளுடைய கதையைவிட வியப்பானது. 1929-இல் மைசூரில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். வீட்டில் தாயோடு தமிழ், தெருவில் கன்னடம், கணிதப் பேராசிரியரான தந்தையின் அறையில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வளர்ந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். கல்லூரிகளில் அதையே கற்பித்தார். 1959-இல் அமெரிக்கா சென்று மொழியியல் பயின்றார். சங்கப் பாடல்களை அவர் முறையாகப் பயின்றவர் அல்லர். 1962-இல் ஒருநாள் ஷிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிப் போனார். அங்கே உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை கைக்கு வந்தது. அலமாரிகளுக்கு இடையே தரையிலேயே உட்கார்ந்து புரட்டத் தொடங்கினார். பழைய பாடல்கள் உரையின் துணையால் அவருக்கு மெல்ல மெல்லத் திறந்தன. ஆங்கில இலக்கியம் படித்து, கடல் கடந்து சென்ற ஒருவர் தம் தாய்மொழியின் ஈராயிரம் ஆண்டுப் பழமையான கவிதைகளை அங்கேதான் கண்டெடுத்தார்.

அவளும் அன்று நூலகத் தரையில் உட்கார்ந்துதான் படித்தாள். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. நூலின் பிற்பகுதியில் திணைக் கோட்பாட்டை இராமானுஜன் ஆங்கில வாசகர்களுக்கு விளக்கியிருந்தார். தேர்வுக்காக அவள் மனப்பாடம் செய்த முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றும் அங்கே வேறு மாதிரி இருந்தன. நிலமும் பொழுதும் பாடலுக்குப் பின்னணித் திரை அல்ல. அவையே மனத்தின் பேச்சு என்று அந்த ஆங்கில விளக்கத்தைப் படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. செம்மண்ணில் விழுந்த மழைநீரைக் கலந்த நெஞ்சங்களுக்கு உவமையாக்கும் பாடலும் அந்த நூலில் இருந்தது. அமெரிக்க மாணவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பாட்டி வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையில் மழை நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது ராபர்ட் ஃபிராஸ்ட் 1923-இல் வெளியிட்ட ஒரு கவிதை. பனி பெய்யும் மாலையில் குதிரை வண்டியில் போகும் ஒருவர் காட்டோரம் சற்றே நிற்கிறார், காட்டைப் பார்க்கிறார், போக வேண்டிய தூரத்தை நினைக்கிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அவள் பனியைப் பார்த்ததில்லை. விடுதித் தோழி ஒருத்தி, “ஐஸ்பெட்டியைத் திறந்து கையை வைத்துப் பார்,” என்றாள். செய்தும் பார்த்தாள், கவிதைக்கு ஒன்றும் உதவவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினாள். முதற்பொருள்: காடும் மாலையும் குளிர்காலமும். கருப்பொருள்: குதிரை, பனி, உறைந்த ஏரி. அப்படியானால், உரிப்பொருள் என்ன? நிற்க விரும்பும் மனமும் போகச் சொல்லும் கடமையும் என்று எழுதினாள். பயணி, காடு, கடமை மூன்றும் சேர்ந்தால் தமிழில் அது பொருள் தேடிப் பிரியும் தலைவனின் பாலைப் பாடலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வெயிலுக்குப் பதில் பனி என்பது ஒன்றே வேறுபாடு என்றும் எழுதினாள்.

எல்லா வாக்கியமும் அவளுடையது. இம்முறை இலக்கணப் பிழைகளும் இருந்தன. விரிவுரையாளர் சிவப்பு மையால் பதினான்கைச் சுட்டியிருந்தார். கருத்தையும் அவர் முழுதாக ஏற்கவில்லை. ‘ஃபிராஸ்ட்டுக்குத் திணை தெரியாது. பாலைத் தலைவனுக்கு வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். இந்தப் பயணிக்காக யார் காத்திருக்கிறார் என்று கவிதை சொல்கிறதா? ஒப்பிடும்போது வேறுபாட்டையும் பாருங்கள்’ என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். ஒரு மரபின் அளவுகோலை இன்னொரு மரபின் மீது வைக்கும்போது பொருந்தாத இடங்கள் வரும். அவற்றை மறைத்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும். அவள் அதே முறையை டிக்கின்சனிடம் முயன்றபோது அது சிறிதும் கைகொடுக்கவில்லை. ஆனால், புள்ளி கணிசமாகக் கூடியிருந்தது. ஓரத்தில் ‘இப்போது கேட்கிறது’ என்ற குறிப்பும் இருந்தது.

கொன்ராடைப் பற்றி விரிவுரையில் கேட்ட செய்திகள் அவளுக்கு மேலும் துணிவைத் தந்தன. 1857-இல் பிறந்த கொன்ராட் போலந்து இனத்தவர். தாய்மொழி போலிஷ், அடுத்து கற்றது பிரெஞ்சு. இருபது வயதில் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்த பிறகே ஆங்கிலம் கற்றார். அவருக்கும் அது மூன்றாம் மொழி! கடைசிவரை அவருடைய ஆங்கில உச்சரிப்பில் போலிஷ் வாடை வீசியதாம். ஆனாலும், ஆங்கில நாவலாசிரியர்களின் முன்வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது.

அவருடைய ‘லார்ட் ஜிம்’ 1900-இல் வெளிவந்தது. எண்ணூறு பயணிகளோடு செல்லும் ‘பட்னா’ என்னும் கப்பலைக் கைவிட்டு, அதன் அதிகாரிகள் தப்பி ஓடுவதில் கதை தொடங்குகிறது. இதற்கு மூலம் ஓர் உண்மை நிகழ்ச்சி. 1880-இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ‘ஜெடா’ என்னும் கப்பலில் ஏறத்தாழ ஆயிரம் முஸ்லிம்கள் புனித யாத்திரை சென்றார்கள். நடுக்கடலில் கப்பல் மூழ்கிவிடும் என்று அஞ்சிய தலைவரும் அதிகாரிகளும் அவர்களை விட்டுவிட்டு ஓடினார்கள். ஆனால், கப்பல் மூழ்கவில்லை; பயணிகளோடு ஏடன் துறைமுகம் வந்து சேர்ந்தது. கலந்துரையாடல் வகுப்பில் எல்லாரும் ஜிம்மின் குற்ற உணர்வைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, மலாய் மாணவர் ஒருவர் கேட்டார்: “அந்த எண்ணூறு பேரின் பெயர் என்ன? அவர்கள் ஏன் இந்த நாவலில் பேசவே இல்லை?” இந்தக் கேள்வி புதிதன்று. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், கொன்ராடின் வேறொரு நாவலில் வரும் ஆப்பிரிக்கர்களைப் பற்றி இதே வகையான கேள்வியைக் கடுமையாகவே எழுப்பினார். அச்செபேயும் இபாடான் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்தாம்.

இந்த வட்டாரத்தில் ஆங்கில இலக்கியம் படித்த முன்னோடி மாணவர்களும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1949-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஈப்போவில் வளர்ந்த வாங் கங்வூ அங்கே மாணவராக இருந்தபோது, 1950-இல் ‘பல்ஸ்’ என்ற ஆங்கிலக் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அவரும் நண்பர்களும் ஆங்கிலத்தோடு மலாயும் சீனமும் கலந்து ஒரு புதிய கவிதை மொழியை உருவாக்கப் பார்த்தார்கள். மூன்று மொழிப் பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்து அதற்கு ‘எங்மால்சின்’ என்று பெயர். சில ஆண்டுகளில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பெயரில் தமிழுக்கு இடமில்லையே என்று அவளுக்குச் சிறிய வருத்தம்.

மூன்றாம் ஆண்டில் அந்த வருத்தத்துக்குப் பதில்போல ஒரு நாவல் பாடமாக வந்தது. கே. எஸ். மணியம் எழுதிய ‘தி ரிட்டர்ன்’. 1981-இல் வெளிவந்தது. மணியம் 1942-இல் பீடோங்கில் பிறந்தவர். முதலில் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று, பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாறியவர். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்று, கெடாவில் கற்பித்து, அதன் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து அங்கேயே விரிவுரையாளர் ஆனவர். முதல் பக்கத்திலேயே சுங்கை பட்டாணி, லூனாஸ், பீடோங் என்று ஊர்ப் பெயர்கள் வந்தன. அப்பாவின் பேருந்து போகும் வழி! ஆங்கில நாவல் ஒன்றில் வானிலையையும் மண்ணையும் யாரிடமும் கேட்காமல் அவள் படித்தது அதுவே முதல்முறை.

கதைசொல்லியின் பாட்டிக்குப் பெரியத்தாய் என்று பெயர். ஆங்கில எழுத்தில் இருந்த அந்தப் பெயரை அவளே இரண்டு முறை படித்த பிறகுதான் அடையாளம் கண்டாள். வகுப்பில் அதன் பொருள் என்ன என்று கேட்டார்கள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ‘பெரிய அம்மா’ என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். உருவத்தில் பெரியவர் என்று நினைத்துக்கொண்டார்கள். ‘மூத்த தாய்’ என்றாள். அது வெறும் வயதைச் சொல்வதாக ஆகிவிட்டது. தமிழ் வீடுகளில் பெரியம்மா, சின்னம்மா என்று ஏன் பிரித்து அழைக்கிறார்கள், ‘பெரிய’ என்ற சொல்லில் வயதோடு மதிப்பும் எப்படிச் சேர்கிறது, தோட்டத்தில் ஒரு கிழவியை ஊரே உறவுமுறை சொல்லி அழைப்பது ஏன் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளக்கிக்கொண்டே போனாள். விரிவுரையாளரும் குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தையும் கேட்டுக்கொள்ள நான்கு பேர் அவளோடு சிற்றுண்டிச் சாலைக்கு நடந்தார்கள்.